உரசினால் ஒளிரும் கல்

கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் பள்ளிக்கு வந்து மூன்று வாரமாகியும் ராஜினியோடு ஒருவரும் பேசவில்லை. கெட்ட பிள்ளைகள் என்று சொல்லிவிட முடியாது. முதலாம் ஆண்டிலிருந்தே அவரவருக்குக் கூட்டாளிகள் இருந்தார்கள். நான்காம் ஆண்டில் புதிதாக ஒருத்தி தேவைப்படவில்லை. அவ்வளவுதான்.

ஓய்வு நேரத்தில் அவள் தனியாகப் பசியாறுவாள். பிறகு பையிலிருந்து இரண்டு கற்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அம்பாங் ஆற்றோரம் பொறுக்கியவை. ஒன்று பால் வெள்ளை. மற்றது புகை படிந்த கண்ணாடி மாதிரி இருக்கும்.

அன்று அவள் வகுப்பில் படிக்கும் கேவின் எதிரில் வந்து நின்றான். பின்னால் நாலு பேர்.

"என்னா இது? ரோட்டுக் கல்லா?"

"இல்ல, குவார்ட்ஸ். படிகக் கல்லு. இருட்டுல ரெண்டையும் உரசினா வெளிச்சம் வரும்."

"சும்மா புளுகாத லா!"

"நெசமா! வந்து பாருங்க."

வெயிலில் நின்றவர்கள் அப்படியே ஜன்னல் இல்லாத விளையாட்டுச் சாமான் அறைக்குள் நுழைந்தார்கள். ராஜினி கதவைச் சாத்தினாள். கற்களை உரசினாள். கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது.

"எங்க வெளிச்சம்?"

"கொஞ்சம் இருங்க..."

"புளுகு ராணி!"

சிரித்துக்கொண்டே ஓடிவிட்டார்கள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

ராஜினி அங்கே கிடந்த பாயில் உட்கார்ந்து அழுதாள். மூன்று வாரத்தில் முதல் பேச்சு. அதுவும் பொய்க்காரி என்று முடிந்துவிட்டது. இனி யார் அவளிடம் வருவார்கள்?

ஐந்தாறு நிமிடம் கழித்துக் கோபத்தில் கற்களை வறட்டென்று உரசினாள். கல்லுக்குள் ஆரஞ்சு வெளிச்சம் ஓடியது!

அதே கல். அதே அறை. அப்போது ஏன் வரவில்லை? வந்திருக்கும். வெயில் பட்ட கண்ணுக்குத்தான் தெரியவில்லை!

கதவு திறந்தது. கேவின்.

"என் தண்ணி போத்தல விட்டுட்டேன்." அவளுடைய வீங்கிய கண்களைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது.

"கதவைச் சாத்திட்டு உக்காரு. கண்ணு இருட்டுக்குப் பழகணும், முந்நூறு வரைக்கும் எண்ணு. அப்புறம் நீயே உரசு. என் கையே படாது."

"டார்ச் ஒளிச்சு வச்சிருக்கியா?"

"பையத் தேடிக்கோ."

தேடினான். ஜியோமெட்ரி பெட்டியைக்கூட விடவில்லை. பிறகுதான் கதவைச் சாத்திவிட்டு எண்ண ஆரம்பித்தான். நூற்று நாற்பதில் நிறுத்தினான்.

"ஒரு கல்லு ஏன் அழுக்கா இருக்கு?"

"அழுக்கு இல்ல. உள்ள துளியூண்டு அலுமினியம் இருக்கு. பூமிக்குள்ள ரொம்பக் காலம் கெடந்து இந்த நெறம் வந்துருச்சு. இரும்பு இருந்தா ஊதாவாகும்னு புத்தகத்துல போட்டிருக்கு."

"எங்க வீட்டுச் சட்டியும் அலுமினியம்தான். கறுப்பா இருந்தா அம்மா என்னையத்தான் தேய்க்கச் சொல்றாங்க."

ராஜினி சிரித்துவிட்டாள். அந்தப் பள்ளியில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"ஐயோ, எண்ணிக்கை போச்சு!" என்றான் கேவின். அவனாகவே ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினான்.

முந்நூறு. உரசினான்.

ஆரஞ்சு வெளிச்சம்! மறுபடி உரசினான். மறுபடியும்.

"உள்ளுக்குள்ளயே எரியுது!"

"எரியல. தொட்டுப் பாரு, சுடாது."

மணி அடித்தது.

"நாளைக்கு அவனுங்கள இழுத்துட்டு வரேன்," என்றான் கேவின். "முந்நூறு எண்ண வைக்கிறது என் வேலை. வா, லைன்ல எனக்குப் பின்னால நில்லு."

மூன்று வாரமாக, வகுப்புக்குப் போகும் வரிசையின் கடைசி இடம் ராஜினியுடையதாக இருந்தது. அன்று அவளுக்குப் பின்னால் ஏழு பேர் நின்றார்கள்.