பாசி பிடித்த பக்கம்

அன்று காலை வெள்ளானூரில் அந்த ஒற்றை வீட்டு வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரன் தசரதன், ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஃபிட்டர். அவன் மனைவி தாட்சாயிணி, கல்யாணமாகி ஏழு மாதம். பக்கத்து வீட்டு ஜமீலா, கூப்பிடாமல் வந்தவள். துப்பறிய வந்த வேம்புலி, இருபத்தெட்டு வருடம் வீடு வீடாக ஏறிக் கரண்ட் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை சைக்கிளில் உட்கார வைத்து மிதித்து வந்த பால்ராஜ். வீட்டுக்குள் ஒரு கண்ணாடித் தொட்டியில் ஆறு கௌராமி மீன்கள் இருந்தன. ஆறும் உயிரோடு.

தசரதன் நேராக விஷயத்துக்கு வந்தான்.

"பாசிக்கு ஒரே மருந்து இருட்டுதான், சார். வெளிச்சத்தையும் தீனியையும் நிறுத்தினா தானா சாவும். தொட்டியத் தேச்சு, விளிம்பு வரைக்கும் புதுத் தண்ணி ரொப்பிட்டு, மூணு வாரம் நாக்பூர் ட்ரெய்னிங் போனேன். ஜன்னல்ல நாலு ஆணி. ஃபியூஸ் கட்டைய புடுங்கி என் பையில போட்டுக்கினேன். வெளிப்பூட்டு. இவ கள்ளிக்குப்பத்துல அவங்கம்மா ஊட்டுல. இன்னிக்கு விடிகாலைல வந்து தொறந்தா, மறுபடி பாசி! வெளிச்சம் எந்த ஓட்டைல வந்துச்சு? சாயங்கால ரயிலுக்குத் திரும்பவும் போறேன். ரெண்டு மாசம். அடைச்சிட்டுத்தான் போவணும்."

ரெண்டு மாசம் என்றபோது தாட்சாயிணியின் விரல்கள் முந்தானையை முறுக்கின. புதுப்பெண், பிரிவு தாங்கவில்லை என்று பால்ராஜ் நினைத்தான். அவள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய வெயிலில் நின்றாள். அதையும் அழுகை என்றே எடுத்துக்கொண்டான்.

"இன்னா நைனா, மீனுக்கு சிஐடியா?" என்றாள் ஜமீலா.

வேம்புலி கதவைப் பார்த்தார். கொண்டியில் கனத்த பித்தளைப் பூட்டு ஒன்று திறந்து தொங்கியது. அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் ரகம். அதன் சாவி தசரதனின் அரைஞாணில் ஆடியது.

உள்ளே ஒரே அறை, ஒரு அடுப்படி, ஒரு குளியலறை. பின்வாசல் வைக்கவே இல்லை. பால்ராஜ் நாற்காலி மேல் ஏறி கூரையைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

"சிமென்ட் கூரை, அண்ணாத்தே. ஒரு ஊசி ஓட்டை இல்ல. ஜன்னல்ல நாலு ஆணியும் அப்படியே கீது."

வேம்புலி தொட்டியின் முன் குனிந்தார். மூடியில்லாத தொட்டி. தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. பாசி ஜன்னலைப் பார்த்த கண்ணாடியில் மட்டும் பச்சைக் கம்பளிபோலப் படர்ந்திருந்தது. மற்ற மூன்று பக்கமும் சுத்தம்.

"வந்த பிறகு தொட்டியத் தொட்டீங்களா?"

"விரல்கூட வைக்கல. சாட்சி கலையக் கூடாதே."

வேம்புலி வெளியே சுற்றிப் போய், ஜன்னல் கம்பிகளின் அடியில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டி எடுத்தார். காய்ந்த இரண்டு சோற்றுப் பருக்கை. பிறகு எல்லோரையும் வாசலில் நிறுத்தினார்.

"மேலேருந்து விளக்கு எரிஞ்சிருந்தா நாலு பக்கமும் பாசி வந்திருக்கும். இது ஜன்னல் பக்கம் மட்டும். பகல் வெளிச்சம். அடுத்தது தண்ணி. மே மாசம், மூடியில்லாத தொட்டி, மூணு வாரம். நாலு விரல் வத்தியிருக்கணும். ஒரு விரல்கூட வத்தல. பூட்டின ஊட்டுல யாரு ஊத்தினது?"

"கள்ளச்சாவி!" என்று துள்ளினான் பால்ராஜ்.

"கள்ளச்சாவி போட்டு வந்தவன் மீனுக்குத் தண்ணி ஊத்திட்டா போவான்? இந்த ஊட்டுக்குள்ள யாரும் வரல, பால்ராஜ். இங்கேருந்து யாரும் போகவும் இல்ல."

அவர் தாட்சாயிணியைப் பார்த்தார். "வாசல் வெயில் பட்டு மூணு வாரம் ஆன கண்ணு. அழுகையில்ல அது. கள்ளிக்குப்பத்துலயும் வெயில் அடிக்குதே, தசரதன்?"

பால்ராஜ் அவளையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தான். மே மாதம். ஃபேன் இல்லை, விளக்கு இல்லை. வெளியே பூட்டு.

"ஆணி?" என்றான் தசரதன். அவனுக்கு அது ஒன்றுதான் விளங்கவில்லை.

"அத நான் சொல்றேன், கேட்டுக்கோ," என்று முன்னால் வந்தாள் ஜமீலா. "நாலாம் நாளு செவுத்துல தட்ற சத்தம். மீனுக்கு அளக்குறா மாதிரி ரெண்டு படி அரிசி அளந்து வெச்சிட்டுப் போயிருக்கான் பாவி. அடுப்புல மண்ணெண்ண தீந்துபோச்சு. இந்தப் பொண்ணு இடுக்கியால ஆணியப் புடுங்கிச்சு. தெனம் பகல்ல கம்பி வழியா நான்தான் சோறு குடுத்தேன். பூட்ட ஒடைக்கவான்னு கேட்டேன். ஒடைச்சா கொன்னுடுவாருக்கா, வேணாம்னுச்சு. நீ வர்ற நாளுன்னு நேத்து திரும்ப ஓட்டைல சொருகி வெச்சுச்சு."

"ரெண்டு விரலால இழுத்தா கையோட வரும்," என்றார் வேம்புலி. "பாத்தேன்."

தசரதன் வெட்கப்படுவான், கையாவது ஓங்குவான் என்று பால்ராஜ் எதிர்பார்த்தான். அவன் சிரித்தான். பதில் கிடைத்த சந்தோஷம்.

"அப்ப ஓட்டை ஜன்னல்தான். அளவுக்கு மேல தீனி போட்டா எதுக்கும் பாசி புடிக்கும், சார்."

"அவ உன் பொண்டாட்டிடா," என்றான் பால்ராஜ்.

"என் பொண்டாட்டி. என் ஊடு. நீ சைக்கிள் மிதிக்க வந்தவன்."

அவன் பையிலிருந்து நான்கு ஆறங்குல ஆணிகளை எடுத்தான். அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். முதல் ஆணி இறங்கும் சத்தம் கேட்டது. பால்ராஜ் பாய்ந்தான். வேம்புலி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"அடிக்கட்டும்."

இரண்டாவது ஆணி. அவனுக்கு வேலை சுத்தமாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றையும் தலைவரை இறக்கினான். மூன்றாவது. வேம்புலி தாட்சாயிணியின் பக்கம் திரும்பாமலே, மீட்டர் எண்ணைப் படிக்கிற குரலில் சொன்னார்:

"அந்தப் பூட்டுக்கு சாவி வேணாம்மா. அமுக்கினா போதும்."

அவள் கண்ணிலிருந்து கையை எடுத்தாள். நான்காவது ஆணி இறங்கி முடியும்வரை காத்திருந்தாள். பிறகு கதவை இழுத்துக் கொண்டியை மாட்டினாள். உள்ளே குழவி தரையில் விழுந்தது, கால்கள் ஓடி வந்தன.

"ஏய்! ரயிலுக்கு நேரமாவுது! தாட்சாயிணி!"

"ஒரு வாய் சோறு குடுக்கணும்னாலும் எப்பிடிம்மா குடுக்கறது?" என்று கேட்டாள் ஜமீலா. கேட்ட குரலில் கவலை இல்லை.

"ஜன்னல்ல ஆணி அடிச்சாச்சு, அக்கா," என்றாள் தாட்சாயிணி. அன்று அவள் பேசிய முதல் பேச்சு அது.

கதவு அதிர்ந்தது. அவள் இரண்டு கையாலும் பூட்டை அமுக்கினாள். அது பூட்டிக்கொண்டது.