நாற்பத்தோராவது பெயர்

செவ்வாய், காலை 6.40. வெல்லாவெளிக்குத் தெற்கே உள்ள வயல்வெளியில், அந்த ஊர்ப் பேச்சில் வட்டையில், ஆச்சிப்பிள்ளையின் மூன்று ஏக்கரும் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தன. கதிர் வெளிவரக் காத்திருக்கும் குடலைப் பருவத்துப் பயிர். போதாததற்கு ஈரத்தை உறிஞ்சும் கச்சான் காற்று வேறு. அவள் மண்ணை வாரித் தூற்றித் திட்டியது நாலு வரம்புக்கு அப்பால் கேட்டது. பக்கத்து வயலிலோ தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அந்த வயல் சிவதர்ஷனுடையது. சிவதர்ஷன், வட்டவிதானை நல்லரத்தினத்தின் மருமகன். பிறகென்ன, ஊர் அந்த இடத்திலேயே தீர்ப்பை எழுதிவிட்டது.

வட்டைக்கு முறைவைத்துத் தண்ணீர் பங்கிடுகிறவர் வட்டவிதானை. இந்தக் கிழமை யார் யாருக்கு என்று கூட்டத்தில் எழுதும் பட்டியலை, கமக்காரர் அமைப்பின் கணினியில் அடித்துப் பதிவதும் அவர்தான். வாய்க்கால்காரர்கள் அச்செடுத்த தாளைப் பார்த்து மடை திறப்பார்கள்.

புதன், பகல் 1.30. நாவற்குடாவிலிருந்து தனுஷா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அந்தக் கணினி நிரல் அவள் எழுதியது. நாலு மணிக்குக் கூட்டம். நல்லரத்தினத்தைப் பதவியிலிருந்து இறக்க. பட்டியலில் கைவைத்தது யார் என்று அவள் அதற்குள் சொல்ல வேண்டும். யாரென்று அவளுக்கும் சந்தேகமில்லை. வந்தவள் மரியாதைக்குக்கூடச் சிரிக்கவில்லை.

"வியாழக்கிழமை பட்டியல அடிச்சது ஆர்?"

"நான்தான் புள்ள," என்றார் நல்லரத்தினம்.

"வேற ஆரும் தொட்டாங்களா?"

"இல்ல."

"ஆச்சிப்பிள்ளைட பேர அடிச்சீங்களா?"

"அடிச்சன். அறுபது பேரையும் அடிச்சன்."

"அப்ப அது எங்க போன?"

அவர் சால்வையை உதறி மறுபடி தோளில் போட்டார்.

"தண்ணி திறக்கக்குள்ள நீங்க எங்க நிண்டீங்க?"

"மண்டூர்ல, மகள் வீட்ட. தாளக் குடுத்திட்டுப் போயிட்டன். நேத்துத்தான் வந்தன்."

நல்ல நேரம் பார்த்துத்தான் போயிருக்கிறீர்கள் என்று அவள் வாய்வரை வந்தது. சொல்லவில்லை, ஆனால் முகம் சொல்லிவிட்டது. அவருக்கு அது விளங்கியும் விட்டது.

பகல் 2.20. அலுவலகத்தில் வேலைபார்க்கும் புஸ்பம் மூன்று தாள்களைக் கொண்டுவந்து போட்டாள்: கூட்டத்தில் கையால் எழுதியது, கணினி அச்செடுத்தது, போன கிழமையின் அச்சு.

தனுஷா விரலை வைத்து ஒப்பிட்டாள். முதல் நாற்பது பெயர்கள் கூட்டத்தில் எழுதியபடியே இருந்தன. நாற்பத்திரண்டிலிருந்து அறுபதுவரை ஆட்கள் அதே ஆட்கள்தான், ஆனால் வரிசை வரிக்கு வரி போன கிழமையுடையது. நடுவே நாற்பத்தோராவதாக ஒருவர்: ஆச்சிதர்ஷன்.

"ஆரக்கா இந்த ஆச்சிதர்ஷன்?"

புஸ்பத்துக்குச் சிரிப்பு. "அப்பிடி ஒரு மனுசன் இந்த வட்டையில இல்ல தங்கச்சி. எழுத்துப் பிழையாக்கும். வாய்க்கால்காரர் அதச் சிவதர்ஷன் எண்டு எடுத்துத் தண்ணி விட்டிட்டாங்க."

"பதியக்குள்ள நீங்க இஞ்ச இருந்தீங்களா?"

"இருந்தன். சேவ் குடுக்கக்குள்ளதான் கரண்ட் போன. ஃபான் நிண்டிட்டு. பிறகு வந்ததும் விதானையார் திறந்து பாத்தார். மேல இருந்த பேரெல்லாம் சரி எண்டு அச்செடுத்தார்."

கையெழுத்துத் தாளில் நாற்பத்தோராவது ஆச்சிப்பிள்ளை. போன கிழமை அதே இடத்தில் சிவதர்ஷன். களவு செய்கிறவன் ஒரு பெயரை எடுத்து இன்னொரு பெயரைப் போடுவான். பெயரின் இடுப்பில் வெட்டி ஒட்டமாட்டான்.

தனுஷா கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். பட்டியலின் முதல் எழுத்திலிருந்து 'ஆச்சி' வரைக்கும் எத்தனை பைட் என்று கணினியைக் கேட்டாள். 4096 என்றது. அவள் பயந்த அதே எண்.

பகல் 3.05. தன் நிரலைத் திறந்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. பங்குனி மாதத்தில் சேர்த்த நாலே நாலு வரி. அதை வாசிக்க இந்த மாவட்டத்தில் அவளைவிட்டால் ஆளில்லை. அழித்துவிட்டு, கரண்ட் செய்த வேலை என்று சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். விரல் அந்த வரிகளின்மேல் போய் நின்றது. நின்றதை நினைத்தே அவளுக்குக் கூசியது.

மாலை 4.10. மண்டபத்தில் கதிரை போதாமல் ஆட்கள் நின்றார்கள். தனுஷா மூன்று தாள்களையும் உயர்த்திக் காட்டினாள்.

"விதானையார் ஒண்டும் செய்யல்ல. அறுபது பேரையும் அடிச்சிரிக்கார். பட்டியல ரெண்டா வெட்டினது நான்."

ஒருவருக்கும் விளங்கவில்லை. அவள் தொடர்ந்தாள்.

"கணினி வட்டு ஒரே மூச்சில எழுதுறதுக்கு ஒரு அளவு இரிக்கு. எங்கட வட்டுக்கு 4096 பைட். அதுக்குள்ள இருந்தா முழுசா எழுதும், இல்லாட்டி ஒண்டும் எழுதாது. தை மாசம் பேரெல்லாம் இங்கிலீசில இருந்தது, ஒரு எழுத்துக்கு ஒரு பைட், அடங்கிச்சு. நீங்க தமிழில கேட்டீங்க. தமிழுக்கு ஒரு எழுத்துக்கு மூணு, கால் கொம்பு சேர்ந்தா ஆறு. பட்டியல் அளவ மிஞ்சிட்டு. இயங்குதளம் எழுத ஏலாதெண்டு திருப்பி அனுப்பினது. அது செஞ்சதுதான் சரி. நான் ஒரு கலியாண வீட்டுக்குப் போற அவசரத்தில, ரெண்டு துண்டா வெட்டி எழுது எண்டு நாலு வரி போட்டன். முதல் துண்டு எழுதி முடிய கரண்ட் போயிட்டு. ரெண்டாம் துண்டு இருக்கவேண்டிய இடத்தில பழசு அப்பிடியே கிடந்திரிக்கு."

"பட்டியல் மாறினா முழுசா மாறும், பாதி மட்டும் மாறவே மாறாதெண்டு இதே இடத்தில நிண்டு சொன்ன நீதானே?" என்றாள் ஆச்சிப்பிள்ளை.

"ஓம். அந்த வாக்க நம்பித்தான், கணினி பிழைக்காது, ஆள்தான் மாத்தியிரிக்கு எண்டு நீங்க எல்லாரும் இவரக் கள்ளனெண்டீங்க. வாக்கு மாறினத நான் சொல்லல்ல. இண்டைக்கு வரக்குள்ள நானும் இவரக் கள்ளனெண்டுதான் நினைச்சிட்டு வந்தன்."

"என்ட பயிர்?"

தனுஷா உயர்த்திய தாள்களைக் கீழே இறக்கினாள். வெட்கம் காதுவரை எரிந்தது. இரண்டு நாளாக நல்லரத்தினத்தைத் திட்டித் தீர்த்தவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்கள்.

நல்லரத்தினம் எழுந்து அவளிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தாள். அவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"ஊர் சொன்னதுக்கு நான் கவலப்படல்ல புள்ள. நேத்து என்ட மகள் விதுர்ஷா மண்டூர்ல இருந்து போன் எடுத்துக் கேட்டவள், 'அப்பா, எங்களுக்காகவா செஞ்சீங்க?' எண்டு. நான் இல்லையெண்டு சொன்னா அவள் நம்புறாளில்ல. நீங்க ஒருக்காச் சொல்லுங்க."

போனை நீட்டினார். மறுமுனையில் "அப்பா?" என்றது ஒரு குரல். தனுஷா முதலில் தன் பெயரைச் சொன்னாள்.