மூன்றாம் புட்டியின் மழை

சிவப்பு லிட்மஸ் தாள் மறுபடியும் நீலமாகிவிட்டது...

ஞானசௌந்தரிக்குப் புரியவேயில்லை. சாத்தான்குளத்தில் விஞ்ஞான ஆசிரியை அவள். குதிரைமொழியில், செம்மணல் மேடுகளான தேரிக்காட்டு மழையை நான்கு வருடமாகச் சோதித்து வருகிறாள். காட்டில் மூன்று கம்பங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு புனல், அதன் கீழே புட்டி. இந்த 1947 கோடையில் மூன்றாம் புட்டி மட்டும் காரம் காட்டுகிறது. புட்டிகளை வண்டியில் அனுப்பிவைக்கும் வனக்காவலர் காசிலிங்கம், மழைக்குப் பதில் காரத்தன்மையுள்ள கிணற்று நீரை வீட்டுப் பானையிலிருந்து ஊற்றி அனுப்புகிறாரோ? அறிக்கையில் எழுதினால் அவர் வேலை போய்விடும். கண்ணால் பார்க்காமல் எழுதுவதில்லை என்று கிளம்பிவிட்டாள்.

செம்மணலில் கால் புதைய நடந்தவள், வண்டிப்பாதையோரம் சட்டென்று நின்றாள். காக்கிச் சட்டை அணிந்த இளைஞன் ஒருவன் மூன்றாம் கம்பத்தில் காலிப் புட்டியைப் பொருத்திக்கொண்டிருந்தான். காசிலிங்கமாகத்தான் இருக்க வேண்டும்.

"இதுல பானைத் தண்ணி ஊத்துனது நீங்கதானா?"

அவன் நிமிர்ந்தான். மழைமேகம் போல் கருத்த கண்கள்... அவற்றில் கோபம்.

"புட்டியில சீட்டு எழுதி ஒட்டுத டீச்சரா? கையெழுத்து அழகா இருக்கும். பேச்சு இப்படி இருக்கும்னு நெனைக்கல."

அவள் முகம் சிவந்தது. பதில் சொல்வதற்குள் காற்றோடு மழை இறங்கியது. ஒதுங்கச் சொல்லி அவன் கூப்பிட்டும், நனைந்தபடியே புனலை விட்டு நகரவில்லை அவள். புனலில் வெண்மையாக ஒரு துளி... இன்னொன்று. நிமிர்ந்தாள். பக்கத்துப் பனையின் உச்சியில் கலயங்கள் நிரம்பி வழிந்தன. பதநீர் புளிக்காதிருக்க உள்ளே தடவிய சுண்ணாம்பை மழை கரைக்க, காற்று அதைப் புனலில் வீசிக்கொண்டிருந்தது.

"என்னை மன்னிச்சிருங்க," என்றாள் மெல்ல. "ஆனா நான் வரைபடத்துல குறிச்சுக் குடுத்த இடம் இது இல்லையே?"

அவன் கம்பத்தின் அடியில் மணலைக் காலால் அணைத்தான்.

"நான்தான் மாத்துனேன். உத்தரவு இல்லாம. வண்டிப்பாதை பக்கமா இருந்தா மழை நின்னதும் புட்டி ஒங்க கைக்கு வந்துரும்... காத்திருப்பீங்கன்னு தோணும். பார்க்காமலே ஒங்கள பிடிச்சுப்போச்சு, டீச்சர். அதையும் அறிக்கையில எழுதிக்கோங்க."

"கம்பத்தை மட்டும் எழுதுதேன்," என்றாள், தலை குனிந்து. "மத்தது எனக்குச் சொன்னது... எனக்கும் அப்படித்தான், மழை பெஞ்சா ஒங்க புட்டிக்குத்தான் காத்திருப்பேன். இனிமே புட்டி வண்டியில வர வேண்டாம். நானே வாரேன்."

மழை விட்டதும் இருவரும் கம்பத்தைப் பிடுங்கி வெட்டவெளிக்குக் கொண்டுபோய் நட்டார்கள். எந்த மரமும் தன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் இல்லாத, மழைத்துளி மட்டுமே புனலில் விழும் இடம் அது.