நீல மருந்து

செவுள் சுருண்டிருந்தது. இடது பக்கத்து மூன்றும் முன்னால் மடங்கி, மிளகாய்ச் செடியில் இலைச்சுருட்டை விழுந்தால் இருக்குமே, அப்படி இருந்தது. கையில் காபி டம்ளரோடு கண்ணாடித் தொட்டி முன்னால் நின்ற கோவர்த்தனனுக்குப் பார்த்த கணமே புரிந்துவிட்டது, இது நோவு. நகரிக் கடைத்தெருவில் முப்பது வருஷம் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தவர் அவர். குடியானவன் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து நீட்டினால் போதும், கையில் வாங்காமலே வயலுக்கு என்ன கேடு, எந்த மருந்து, எத்தனை மில்லி என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட கண், சொந்த வீட்டுக்குள் ஒரு மனுஷியின் நோவை மட்டும் பார்க்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

தொட்டியில் இருந்தது மீன் இல்லை. நாலு கால், நீள வால், இமையே இல்லாத கண், தலையின் இரண்டு பக்கமும் சிவப்புக் குஞ்சம் மாதிரி செவுள். ஆக்சலாட்டில் என்று பெயராம், மெக்சிகோ ஏரியில் பிறந்த சாதியாம். மகள் பிரியங்கா பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தபோது வாங்கியது. கொரோனா சமயம் தொட்டியோடு ஊருக்குக் கொண்டுவந்தாள், கனடாவில் வேலை கிடைத்ததும் அம்மாவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினாள். ரத்தினம்மா அதற்குச் செங்கம்மா என்று பெயர் வைத்தாள். மண்புழு பொறுக்கிப் போட்டு, நாள் முழுக்க அதோடு வாயாடிக்கொண்டிருந்தாள். அந்த ரத்தினம்மா போய் ஒன்பது மாசம் ஆகிறது.

காலை பத்து மணிக்குப் பிரியங்காவின் ஃபோன் வந்தது.

"துன்னுதா?"

"ரெண்டு நாளா புழு போட்டா திரும்பிக்கினு போவுது பாப்பா. செவுளும் சுருண்டுக்கினு கீது."

"தண்ணி சூடாயிருக்கும். ஐஸ் பாட்டில் போடு. இருவது டிகிரிக்கு மேல போவக் கூடாது. கரண்ட் போச்சுன்னா டப்பால வுட்டு ஃப்ரிட்ஜ்ல வெய்யி." அதே மூச்சில் சொன்னாள், "அம்மாவ பாக்காம வுட்ட மாதிரி இதயும் வுட்டுடாத நைனா. இதுவும் போச்சுன்னா, இந்த நம்பருக்கு ஃபோன் பண்ண எனக்கு வேற காரணம் இல்ல."

அவள் மிரட்டவில்லை. நிஜத்தைச் சொன்னாள். கருமாதிக்குப் பிறகு அவள் அவரிடம் சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. தினமும் வருகிற அந்த ஃபோன்கூட இந்தப் பிராணிக்காகத்தான். அது நின்றுபோனால் அவருக்கு உலகத்தில் ஆள் இல்லை. கோவர்த்தனன் ஐஸ் பாட்டிலை எடுத்துவந்து தொட்டியில் போட்டார்.

ரத்தினம்மாவுக்கு ஆரம்பித்ததும் ஒன்றுமில்லாததில்தான். இடது கால் சுண்டுவிரலில் செருப்புக் கடித்து ஒரு கொப்புளம். அவளுக்குச் சர்க்கரை உண்டு. "டாக்டர்கிட்ட போலாம்யா" என்றாள். "நான் பாக்காத நோவா? பாதி தாலுகா என் மருந்துல நிக்குது" என்று சொல்லி, கடையில் பயிர்ப் பூஞ்சைக்கு விற்கிற மயில்துத்தத்தைப் பொடித்து எண்ணெயில் குழைத்து அவர்தான் வைத்துக் கட்டினார். நீலநீலமாய்க் கட்டு. அவள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். விரல் கறுத்தது, பாதம் கறுத்தது. கடைசியில் திருப்பதி ஆஸ்பத்திரியில் காலை முழங்காலோடு எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து அவள் பேசிய முதல் பேச்சு, "உன் மருந்து உன்ன வுடாதுய்யா. உன் காலுக்கும் வரும்." மயக்க மருந்தில் உளறுகிறாள் என்று நர்ஸிடம் சிரித்து வைத்தார் மனுஷன். அவள் அங்கிருந்து வீடு திரும்பவேயில்லை.

மூன்றாம் நாள் பகல். மே மாத வெயிலுக்குப் பயந்து ஜன்னலெல்லாம் அடைத்த வீடு, பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனதும் ஃபேன் இறக்கை மெல்ல மெல்லச் சுற்றி நின்ற பிறகு வந்த அமைதி, அந்த அமைதிக்குள் தொட்டியிலிருந்து க்ளப், க்ளப் என்று அது மேலே வந்து காற்றை விழுங்குகிற சத்தம், சுவரில் நீரின் நிழல் அலைவது, இவ்வளவுக்கும் நடுவே மெலிதாக ஒரு வாசனை. அந்த வாசனை அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டைப் பிரிக்கும்போது வருமே, அது. டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தார். பின்னங்கால் விரலில் பஞ்சு மாதிரி வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருந்தது. இடது கால். சுண்டுவிரல்.

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே ஃபோனில் மகளைக் கூப்பிட்டார். சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"அது பூஞ்சைதான்... பயப்படாத... நீல மருந்துன்னு ஒண்ணு... மீன் கடையில... ரெண்டு சொட்டு..."

அறுந்துபோனது. அவர் காதில் நின்றது இரண்டே வார்த்தை. நீல மருந்து. அந்த வீட்டில் அந்தப் பெயருக்கு ஒரே பொருள்தான் உண்டு. கடையை மூடியபோது மிஞ்சிய மயில்துத்தம் பின்கட்டில் அரை மூட்டை இருந்தது. பூஞ்சைக்கு முப்பது வருஷமாக ஊருக்கே அதைத்தானே கொடுத்தார்? ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் தூவினார். நீலம் புகையாக இறங்கியது. அது துடித்த துடிப்பில் கண்ணாடி டக் டக் என்று அதிர, பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் விரல் கறுத்திருந்தது. சாயங்காலம் தொட்டியின் அடியில் கிடந்தது. அதற்கடுத்த நாள் பாதம். நாலாம் நாள் முழங்கால்வரை ஒன்றுமில்லை. யாரோ அளவு வைத்துச் செய்கிற மாதிரி, அதே வரிசை, அதே கால். இனி மறைக்க முடியாது என்று வீடியோவில் காட்டினார்.

"இன்னா போட்ட?"

"நீதான பாப்பா சொன்ன, நீல மருந்துன்னு. மயில்துத்தம்..."

அவள் முகம் அப்படியே உறைந்தது. "நான் சொன்னது மீனுக்கு வுடற சொட்டு மருந்து. நீ போட்டது விஷம். அதத்தான அம்மா கால்லயும் வெச்ச?" பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். "தண்ணிய மாத்து. இப்பவே. வேற டப்ல வுடு, காலைல சாயந்தரம் புதுத் தண்ணி. இதுக்கு ரெண்டு மாசத்துல கால் திரும்ப முளைக்கும். அம்மாவுக்குத்தான் முளைக்கல."

பயத்தில் ஒரு மனுஷன் எவ்வளவு நல்லவனாகிவிடுகிறான்! அகலமான பிளாஸ்டிக் டப்பைக் கூடத்தில் கட்டிலுக்குக் கீழே நிழலாய் வைத்தார். ஒரு ராத்திரி வைத்து ஆறிய தண்ணீர், இரண்டு வேளை. மூன்று மணிக்கொரு ஐஸ் பாட்டில். புழுவைக் கழுவி இடுக்கியில் பிடித்து வாய்முன் நீட்டினார். கட்டிய மனைவிக்கு இதில் பாதி செய்திருந்தால் அவள் இன்றைக்கும் இரண்டு காலில் நடந்துகொண்டிருப்பாள். மூன்றாம் நாள் அது புழுவை லபக்கென்று விழுங்கியபோது அவர் குழந்தை மாதிரி அழுதார். "தேங்க்ஸ் நைனா" என்றாள் பிரியங்கா. இன்னொன்றும் நடந்தது. வருஷக்கணக்காக ராவும் பகலும் எரிந்துகொண்டிருந்த அவர் பாதங்களில் எரிச்சல் நின்றுவிட்டது. டாக்டரிடம் காட்டாமலே ஆறிப்போச்சு என்று ஏழுமலையானுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

கால் முளைத்தது. முதலில் ஒரு மொட்டு. இரண்டே நாளில் பாதம். ஆறாம் நாள் ஐந்து விரல்.

"அவ்ளோ சீக்கிரம் முளைக்காதே" என்றாள் பிரியங்கா வீடியோவில். "கிட்ட காமி."

காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"நைனா. அதுக்கு நகம் இருக்காது."

அவர் குனிந்தார். அதன் இடது பின்னங்கால் சுண்டுவிரலில் ஒரு நகம். மஞ்சளாய், தடிப்பாய், நடுவில் வெடித்த நகம். சின்ன வயதில் ஏர்க்கொழு பட்டு வெடித்தது. அது யாருடையது என்று தெரிந்துகொள்ள அவர் தன் காலைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் பார்த்தார்.

இடது காலில் நாலு விரல்தான் இருந்தது.

காயம் இல்லை. ரத்தம் இல்லை. வலி இல்லை. விரல் இருந்த இடம் வழவழவென்று, லேசான நீலமாய் மூடியிருந்தது. எப்போது? எத்தனை நாளாக? தினமும் மதியம் கட்டில் ஓரம் டப்பின் பக்கம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தது ஞாபகம் வந்தது. விழிக்கும்போது கால் ஈரமாய் இருந்ததும். வியர்வை என்று துடைத்துக்கொண்டதும்.

எழுந்தார். டப்போடு தூக்கிக் கிணற்றில் கவிழ்த்துவிடவேண்டும். மகள் பேசாவிட்டால் போகட்டும். இரண்டு அடி வைத்தார். இடது கால் தரையை உணரவில்லை. ஃபோன் கைநழுவியது. கட்டிலின் சட்டத்தில் தலை மோதியது.

கண் விழித்தபோது கரண்ட் இல்லை. அடைத்த ஜன்னல் இடுக்கில் வெயில் ஒரு கோடு. அந்த வாசனை, இப்போது வீடு முழுக்க. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். யார் உட்கார வைத்தது? இரண்டு காலும் டப்புக்குள். தண்ணீரின் குளிர்ச்சி தெரியவில்லை. ஒன்றுமே தெரியவில்லை.

இடது காலைத் தூக்கினார். சுலபமாய் வந்தது. கணுக்காலோடு முடிந்திருந்தது.

கத்தினார். சத்தம் வரவில்லை.

தரையில் கிடந்த ஃபோனில் மகள் முகம் இன்னும் இருந்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அழவில்லை.

"அசையாத நைனா" என்றாள். ரத்தினம்மாவின் குரலில். "துன்னட்டும்."

டப்பின் விளிம்பைத் தாண்டி அது வெளியே வந்தது. மனுஷப் பாதம் ஒன்று தரையில் தப் என்று விழுந்தது. அவர் பாதம். பித்தவெடிப்போடு, செருப்பு வார் தேய்த்த தழும்போடு. இன்னொரு பக்கம் சின்னதாய் ஒரு பிராணிக் கால். சாய்ந்து சாய்ந்து டப்பைச் சுற்றி அவருடைய வலது பக்கம் வந்தது. தப். தப். மறுபடி தண்ணீருக்குள் இறங்கியது.

அங்கே வலது கால் இன்னும் இருந்தது. அதன் சுண்டுவிரலில் வெள்ளையாய்ப் பஞ்சு பூத்திருந்தது. இமையில்லாத கண் அவரையே பார்த்தபடி இருக்க, அது நிதானமாக வாயைத் திறந்தது.