பாராட்டு விழாவில் காணாமல்போன ஸ்டியரிங்

மரியநாயகம் டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சிலுவை போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் முன்னே நீட்டினார். கைகள் காற்றைப் பிடித்தன.

"ஸ்டியரிங் எங்கப்பா?" என்றார்.

கொட்டகையில் நின்ற பஸ் முதலாளிமார் சிரித்தார்கள். பெரியவர் வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்தார்கள். எட்டிப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. ஸ்டியரிங் இருக்கவேண்டிய இடத்தில் தண்டு மட்டும் மொட்டையாக நின்றது.

1981 ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை, காலை எட்டரை மணி. பண்டாரவளையில் பஸ் முதலாளிமார் சங்கம் தன் மூத்த தலைவரைப் பாராட்டும் நாள். பூனாகலைத் தோட்டத்துக்கு முதன்முதலில் பஸ் விட்டவர் மரியநாயகம். அரசாங்கம் பஸ்களை எடுத்துக்கொண்ட பிறகு இருபது வருடம் பொறுத்திருந்து, தனியாருக்கு மறுபடி அனுமதி கிடைத்ததும் தள்ளாத வயதில் இன்னொரு பஸ் வாங்கியவர். மண்டபத்தில் பொன்னாடை போர்த்தியதும் அவரே பஸ்ஸை ஓட்டுவதாக ஏற்பாடு; அதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கத்தான் இப்போது ஏறினார். முதலாளிமார் குடும்பத்தோடு ஏறிக்கொள்ள, ஹப்புத்தளை தாண்டி, வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் பெரகல சந்திக்குப் போய் அங்கே விருந்து.

"இந்த ஊர்ல ஸ்டியரிங் விக்கிற கடை ஒண்டுதான் ஈக்குது," என்றார் இன்னொரு பஸ் முதலாளியான ஷுக்ரி ஹாஜியார்.

எல்லோரும் புஹாரியைப் பார்த்தார்கள். உதிரிப்பாகக் கடைக்காரரான புஹாரிதான் சங்கத்தின் செயலாளர். யார் வீட்டுக் கோழி காணாமல் போனாலும் ஊர் அவரிடம்தான் வரும். துப்புத் துலக்குகிறவரே சந்தேகத்துக்கு ஆளானது அவருக்கு இதுதான் முதல்முறை. காது சிவந்துவிட்டது.

மெக்கானிக் யேசுரத்தினத்தைத் தனியே அழைத்தார்.

"கழட்ட யாருக்கு முடியும்?"

"யாருக்கும் முடியும் முதலாளி. நேத்து கிரீஸ் போட்டுட்டு சும்மா மாட்டித்தான் வச்சேன். காலையில இறுக்கலாம்னு நட்டு என் பையிலதான் இருக்கு."

"இத யாருட்ட சொன்ன?"

"நேத்து வந்தவங்க எல்லார்ட்டயும் சொன்னேன். தொட்டுறப் போறாங்கன்னு."

"யாரெல்லாம் வந்த?"

"பெயின்ட் பாக்க ஹாஜியார் வந்தாரு. பஸ்ஸுக்குப் பூக்கட்ட நேசராணி அம்மா கூடையோட வந்தாங்க. அப்புறம், ஹோன் கொண்டுக்கிட்டு நீங்க வந்தீங்க."

அடுத்தது ஷுக்ரி. மரியநாயகத்தின் பஸ்ஸை வழியெல்லாம் முந்துவதையே தொழிலாகக் கொண்டவர்.

"ஒங்களுக்கு இந்த விழா பிடிக்கல்ல தானே?"

"பிடிக்கல்ல. அடுத்த வருஷம் எனக்கு எடுக்கப் போறீங்க. ஸ்டியரிங்கக் களவெடுத்தா எடுப்பீங்களா?"

கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

ஒன்பதரை மணிக்கு மண்டபத்துக்குப் போனபோது அங்கே வேறொரு சச்சரவு. மேடையில் மரியநாயகத்தின் படத்தைச் சுற்றிச் சாமந்திப்பூ வட்டம் ஒன்று நிமிர்ந்து நின்றது.

"உயிரோட இருக்கிற மனுசன் படத்துக்கு யாராவது மாலை போடுவாங்களா?" என்று பொருளாளர் புலம்பினார்.

"என் புருசன், என் பூ. யாரும் தொடாதீங்க," என்று காவல் நின்றார் நேசராணி.

புஹாரி அந்தப் பூவையே பார்த்தார். பிறகு மற்றவர்களை வெளியே அனுப்பினார்.

"அக்கா, மாலைண்டா தொங்கோணும். இது நிக்குது."

நேசராணி பூ வட்டத்தை ஒரு கையால் மறைத்தார்.

"ஸ்டியரிங் இல்லாதத ஏறும்போதே பார்த்திருக்கலாம். நாங்க பார்க்கல்ல, அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனா அவரு? ஏறி உக்காந்து கையை நீட்டும் மட்டும் அவருக்கே தெரியல்ல. அண்ணனுக்குக் கண்ணு எவ்வளவு நாளா இப்பிடி?"

நேசராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஈஸ்டருக்கு முந்தியே ஆரம்பிச்சிருச்சு தம்பி. போன வாரம் தபால்பெட்டிக்கு வணக்கம் சொன்னாரு. அது பதில் சொல்லலன்னு கோவம் வேற. டாக்டர்ட்ட போனா லைசென்ஸப் புடுங்கிருவாங்கன்னு பயம். அந்த இறக்கத்துல புள்ளகுட்டியெல்லாம் ஏத்திக்கிட்டுப் போறேங்கிறாரு. நான் என்ன செய்ய?"

கதவருகே செருமல் கேட்டது. மரியநாயகம் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. மனைவியின் குரல் வந்த பக்கம் திரும்பி, "தபால்பெட்டியா அது?" என்று மட்டும் கேட்டார்.

பொன்னாடை போர்த்தியதும் அவர் மைக்கைத் தடவிப் பிடித்தார்.

"ஸ்டியரிங்க எடுத்தது என் பொஞ்சாதி. எனக்குக் கண்ணு பனிமூட்டமா இருக்கு. மறைச்சுட்டேன். அவ எடுக்கலன்னா இன்னைக்கு உங்கள எல்லாம் பள்ளத்துல இறக்கியிருப்பேன். புஹாரியைச் சந்தேகப்பட்டவங்க அவருட்டப் பேசிக்குங்க."

ஷுக்ரிதான் முதலில் எழுந்தார். புஹாரியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு மேடைக்குப் போய், பூவை உதறி ஸ்டியரிங்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "வாங்க, மரியநாயகம் நானா. நான் ஓட்டுறேன்."

ஹப்புத்தளை தாண்டியதும் மரியநாயகம் டிரைவருக்குப் பின்சீட்டிலிருந்து தொடங்கினார். "இடப்பக்கம் ஒடி. இப்ப ஹோன் அடி. மதகு வருது." வளைவு கண்ணுக்குத் தெரியுமுன்பே அவர் வாயில் வந்தது. ஷுக்ரி முணுமுணுத்தபடியே சொன்னதையெல்லாம் செய்தார்.

"திங்கக்கிழமை பதுளைக்குப் போறோம், கண்ணக் காட்ட," என்றார் நேசராணி.

"எதுல?"

"ஹாஜியார் பஸ்ஸுலதான்."

மரியநாயகம் ஷுக்ரிக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"கண்ணு தெரியாதவன் அதுல போகலாம்," என்றார்.