கணவாய் ஓட்டின் விலை

கூத்தங்கரைக் கடலைப் பார்க்க யார் வந்தாலும், செருப்பைக் கழற்றிவிட்டு, வாயில் ஒரு கருப்பட்டித் துண்டை ஒதுக்கிக்கொண்ட பிறகுதான் மணலில் கால் வைக்கலாம். கருப்பட்டி கரையும்வரை பேச்சுக் கிடையாது. கரைந்துவிட்டால் வாசலுக்குத் திரும்பி வந்து இன்னொரு துண்டு எடுத்துக்கொள்ள வேண்டும். ஊர்க் கட்டுப்பாடு அது.

வாசலில் சிமெண்ட் மேடையில் நார்ப்பெட்டியோடு பூரணத்தாய் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரும் நாத்தனார் செல்வக்கனியையும் அவள் புருஷன் ஆதிலிங்கத்தையும் பார்த்ததும் பெட்டியைக் கிளறி ஒரு பெரிய துண்டாகப் பொறுக்கினாள்.

"அண்ணே, இத வையுங்க. உங்க வாய்க்குச் சின்னத் துண்டு காணாது."

"எம்புட்டு தாயி இது?" என்றார் ஆதிலிங்கம், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

"சிமிண்டுல நிக்கிறதால தப்பிச்சீய. மணல்ல நின்னு இப்படிக் கேட்டுப் பாருங்க, உங்க மச்சான் வலைய எடுத்து உங்க கழுத்துல மாட்டிருவாவ."

"அவருக்கு அப்படியாச்சும் ஒரு பெரிய மீனு மாட்டட்டுமே."

"வாய மூடிட்டு வாங்க" என்றாள் செல்வக்கனி. ஆதிலிங்கம் கருப்பட்டியைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு மனைவியின் பின்னால் நடந்தார்.

பொதுக்கரைச் சட்டத்தைப் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஓட்டல்காரனும் கடைக்காரனும் கடற்கரையைச் சாப்பிட்டுக்கொண்டே வந்த காலத்தில், மிச்சமிருப்பதையாவது காப்பாற்றலாம் என்று யோசித்தார்கள். வியாபாரம் நடக்காத கரை ஊருக்குச் சொந்தம். ஒரே ஒரு வியாபாரம் நடந்தாலும் அது சந்தை நிலம், ஏலத்துக்குப் போகும். காவலுக்கு ஆள் போட்டால் அவனை விலைக்கு வாங்கிவிடுவார்கள் என்பதால் கேள்மணலைத் தூவினார்கள். மணலோடு மணலாகக் கிடக்கிற பொடிப்பொடி சென்சார்கள். ஒருவர் விலை சொல்லி இன்னொருவர் ஒத்துக்கொண்டது அவற்றின் காதில் விழுந்தால் போதும்.

ஏலம் எடுக்கிற கம்பெனிகள் அந்தச் சட்டத்தை ஊர்க்காரர்களைவிடக் கவனமாகப் படித்துவிட்டு, கரைகளுக்கு விற்கிற ஆட்களை அனுப்பின. அழுகிற பிள்ளைக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்த ஒரு தகப்பனால் சிப்பிவிளைக் கரை போனது. கிளி ஜோசியக்காரனிடம் கை நீட்டிய புதுமணப்பெண்ணால் வெள்ளைத்துறை போனது. நல்லமணற்குடியில் இரண்டு பையன்கள் சங்கையும் கோலிக்குண்டையும் மாற்றிக்கொண்டார்கள். பண்டமாற்றும் வியாபாரமே என்று தீர்ப்பானது. போன கரைகளில் இப்போது மணலைத் தொட ஒரு டிக்கெட், அலையைத் தொட இன்னொரு டிக்கெட். கட்டுமரம் இறக்கவோ, எந்த டிக்கெட் வாங்கினாலும் அனுமதி கிடையாது.

கல்யாணமான நாளிலிருந்து ஆதிலிங்கமும் செல்வக்கனியும் வாரம் ஒரு கரை என்று தெற்கேயும் வடக்கேயும் சுற்றியவர்கள். பஸ்ஸில் ஏறி, பெயர் பிடித்த ஊரில் இறங்கி, கடல் தெரிகிற பக்கம் நடப்பார்கள். அந்த விருப்பம் வருடத்துக்கு வருடம் சுருங்கி, கடைசியில் செல்வக்கனி பிறந்த ஊரில் வந்து நின்றது. இந்தக் கடலோரத்தில் டிக்கெட் இல்லாமல் கால் நனைக்க மிச்சமிருந்தது கூத்தங்கரை ஒன்றுதான். அவள் அண்ணன் மாசானமுத்துவும் அந்த ஊர் மொத்தமும் பிழைப்பது அந்த மணலில் படகு ஏற்றி இறக்கித்தான்.

ஆதிலிங்கத்துக்கு இன்னொரு துக்கமும் உண்டு. அவர் கருவாட்டைப் பேரம் பேசி விற்கிற பேட்டையில் வளர்ந்தவர். பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைப்பதைக்கூட நாலு தடவை இழுத்துப் பேசி முடிக்கிற குடும்பம். விலைக்கணியன் வந்த பிறகு அந்த வாய்க்கு வேலை இல்லாமல் போனது. எந்தக் கடைக்குப் போனாலும் அந்த எந்திரம் முகத்தையும் நாடியையும் பார்த்து, இந்த ஆள் எவ்வளவு வரை தாங்குவான் என்று கணக்குப் போட்டு, அந்த விலையைச் சொல்லிவிடும். குறைத்துக் கேட்டால், "உங்கள் கோரிக்கை புரியவில்லை" என்னும். பேரம் பேசாமல் வாங்கிய மீனில் அவருக்கு உப்புக்கூட உறைப்பதில்லை.

செல்வக்கனி அலையில் கால் நனைக்கப் போனாள். ஆதிலிங்கம் படகு நிழலில் உட்காரப் போனபோது அங்கே ஏற்கெனவே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். பேட்டைத் தரகன் மூக்காண்டி. விலைக்கணியன் வந்த வாரமே காணாமல் போனவன். அவன் கன்னமும் ஒரு பக்கம் உப்பியிருந்தது. இரண்டு பேரும் பேச முடியாமல் ஒருவரையொருவர் பார்த்து, தோளில் தட்டி, தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டார்கள்.

மூக்காண்டி பக்கத்தில் கிடந்த ஒரு கணவாய் ஓட்டை எடுத்தான். கணவாய் மீன் செத்தபின் அலை ஒதுக்கிப் போடுகிற வெள்ளைச் சக்கை. கூத்தங்கரையில் அள்ள அள்ளக் கிடக்கும். அதை வஞ்சிர மீனைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கி, செவுளைப் பார்ப்பதுபோல பார்த்து, முகர்ந்து, மணலில் வைத்தான். பிறகு தோளில் கிடந்த துண்டை உதறித் தன் வலது கையை மூடி நீட்டினான்.

ஆதிலிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. துண்டுக்கு அடியில் பேசுகிற விலை! வாய் திறக்கத் தேவையில்லை. எந்த விரலைப் பிடிக்கிறோம், எத்தனை தடவை பிடிக்கிறோம் என்பதுதான் கணக்கு. உள்ளங்கையை அழுத்தினால் முடிந்தது, அதற்குப் பிறகு வாக்கு மாறக்கூடாது. மணலுக்குக் காது உண்டு, துண்டுக்குள் நுழைகிற கண் இல்லையே என்று நினைத்தார். ஒரு சக்கைக்கு விலை பேசினால் யாருக்கு என்ன நஷ்டம்?

கையை உள்ளே விட்டார்.

மூக்காண்டி யானை விலை சொன்னான். ஆதிலிங்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பூனை விலைக்குக் கேட்டார். அவன் கையை உதறினான். இவர் எழுந்து போவதுபோல அரை எழும்பு எழுந்தார். அவன் விரலைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். இரண்டு விரல் இறங்கினான். இவர் அரை விரல் ஏறினார். நெற்றியில் வியர்த்தது. கருப்பட்டி எப்போது கரைந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. அந்தத் துண்டு பருத்திக்கு ஒவ்வாத வழுவழுப்பாக இருந்தது. முன்பெல்லாம் தொட்ட மாத்திரத்தில் ஒரு சரக்கின் ஈரத்தைச் சொல்லிவிடுகிற கை, அதைக் கவனிக்கவில்லை. கடைசியில் மூக்காண்டி பெருமூச்சு விட்டு இவர் கேட்ட விலைக்கு வந்தான். ஆதிலிங்கம் அவன் உள்ளங்கையை ஓங்கி அழுத்தினார்.

காலடி மணல் பேசியது. நல்ல மரியாதையான குரல்.

"வணக்கம். நான் கரைநடுவர். இங்கே ஒரு விற்பனை முடிந்திருக்கிறது. வாங்கியவர் மறுப்பதானால் இப்போதே மறுக்கலாம்."

ஆதிலிங்கம் பதறி எழுந்தார். "விளையாட்டு! சும்மா விளையாட்டுக்குப் பேசினோம். ஏல மூக்காண்டி, சொல்லுல!"

மூக்காண்டி துண்டை மடித்துக்கொண்டிருந்தான். அதன் இழைக்குள் மெல்லிய பச்சை வெளிச்சம் ஓடி அணைந்தது.

"எனக்கு விளையாட்டுதான், அண்ணாச்சி" என்றான் மெதுவாக. "உமக்கு?"

"விளையாடுகிறவர் நாடி இப்படி இருக்காது" என்றது மணல். "விற்பவர் கடைசி விலையில் தயங்கியபோது உங்கள் நெஞ்சு படபடத்தது. அவர் இறங்கியதும் நிறைவு பதிவானது. உங்கள் வழக்கப்படி வாக்கும் கொடுத்துவிட்டீர்கள். இந்தப் பொருளை நீங்கள் மனமார வாங்கியிருக்கிறீர்கள். வாழ்த்துகள்."

அது சொன்னது பொய் இல்லை. அந்த நிமிடத்தில் அந்தச் சக்கையை அந்த விலைக்கு வாங்கிவிட வேண்டும் என்று ஆதிலிங்கத்தின் உயிரே துடித்தது.

"ஏம்ல இப்படிச் செஞ்ச?"

"பேட்ட மூடுன பிறவு உமக்கு மவன் சோறு போட்டான். எனக்கு யாரு போட்டா? கம்பெனிக்காரன்தான் கூப்பிட்டான். ஐஸுக்கு மசியாத ஊரு, கிளிக்கு மசியாத ஊரு, இதுக்கு என்ன செய்யன்னு கேட்டான். ஊர மசிய வைக்க வேண்டாம், பேட்டக்காரன் ஒருத்தன் வாரான், அவன் கை சும்மா இருக்காதுன்னேன்." எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினான். "ஆனா ஒண்ணு சொல்லுதேன். நல்லா பேசினீரு. உசத்தியா பேசினீரு."

அந்தப் பாராட்டு ஒரு கணம் இனித்தது. அதற்காகத்தான் ஆதிலிங்கம் பிறகு தன்னை மன்னிக்கவே இல்லை.

சவுக்குத் தோப்பு ஓரமாக மணலுக்குள்ளிருந்து வெள்ளைக் கம்பங்கள் ஒவ்வொன்றாக எழும்பின. கம்பத்துக்குக் கம்பம் நீல ஒளிக்கோடு. கரை சந்தை நிலமாகிவிட்டதால் படகுகளை மாலைக்குள் அப்புறப்படுத்தும்படி குரல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. மாசானமுத்து வடக்கயிற்றைப் பிடித்தபடி மச்சானையே பார்த்தான். திட்டினால் தேவலை என்று ஆதிலிங்கத்துக்கு இருந்தது. அவன் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான். வாசலில் பூரணத்தாய் நார்ப்பெட்டியைக் கவிழ்த்து, மிச்சக் கருப்பட்டியை அங்கே நின்ற பிள்ளைகளுக்கே கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தோப்புக்குப் பின்னால் காத்துக்கிடந்ததுபோல, ஆள் இல்லாத ஒரு சுண்டல் வண்டி மணி அடித்துக்கொண்டு உருண்டு வந்தது. தேங்காயும் மாங்காயும் தாளித்த வாசனை. கூத்தங்கரைப் பிள்ளைகள் கடற்கரையில் சுண்டலைக் கண்டதே கிடையாது. ஓவென்று கத்திக்கொண்டு வண்டியைச் சூழ்ந்தார்கள். அந்தக் கரையில் பிள்ளைகள் அவ்வளவு சத்தம் போட்டு ஆதிலிங்கம் கேட்டதே இல்லை.

செல்வக்கனி ஈரக் காலோடு வந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"ஒரு பொட்டலம் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

போனார். வண்டி அவர் முகத்தைப் பார்த்து ஒரு விலை சொன்னது. அவர் காசுக்குப் பதிலாகக் கட்டை விரலை வைத்தார். பொட்டலத்தோடு திரும்பினார்.

"கூடச் சொல்லிச்சோ?"

"கூடத்தான்."

"குறைச்சுக் கேட்டீயளா?"

"இல்ல."

அவள் ஒரு பட்டாணியை எடுத்து வாயில் போடாமல் விரலால் உருட்டிக்கொண்டு, அண்ணன் படகை நாலு பேர் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தாள். படகு ஒளிக்கோட்டைத் தாண்டியதும் மடியிலிருந்து எதையோ எடுத்து அவர் கையில் வைத்தாள். உப்புப் பூத்த வெள்ளைச் சக்கை, எடையே இல்லை.

"படகு நிழல்லயே விட்டுட்டு வந்துட்டீய" என்றாள். "வெல குடுத்து வாங்கினதுல்லா. பத்திரமா வச்சிக்கிடுங்க."