கரி படியாத இடம்

காலை பத்து மணிக்கு ரசாயன ஆய்வுக்கூடத்தின் ஸ்டோர் அறையிலிருந்து உடலை எடுத்தார்கள். இறந்தவர் ஸ்டோர் பொறுப்பாளர். தீப்பிடித்த கேனோடு நின்ற ஆராய்ச்சி மாணவியை வெளியே தள்ளிவிட்டு, பீப்பாயின் குழாயை மூட உள்ளே போனவர் திரும்பவில்லை. ஆனால் குழாயை மூடியிருந்தார். அதனால்தான் கட்டடம் மிஞ்சியது.

விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டரம்மாவுக்கு ஸ்டேஷனில் 'சக்கரம்' என்று பெயர். நாற்காலிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அன்று இருப்பே கொள்ளவில்லை. கவனக்குறைவால் உயிர்ப்பலி என்று வழக்கெழுதி, மாலைக்குள் அந்தப் பெண்ணைக் கைது செய்யும்படி மேலிடம் நச்சரித்துக்கொண்டிருந்தது.

துறைத் தலைவர் தன் அறையிலேயே தீர்ப்பைத் தயாராக வைத்திருந்தார்.

"பீப்பாயில இருந்தது ஹெக்ஸேன்ம்மா. பெட்ரோல் மாதிரி சட்டுனு பத்திக்கும். ஊத்துறப்பவே அதுல மின்சாரம் சேரும், ஒரு பொறி போதும். அது தரைக்கு இறங்கத்தான் பீப்பாயையும் கேனையும் கிளிப் வச்ச கம்பியால சுவத்து எர்த் பட்டையோட சேர்க்கிறது. அந்தப் பொண்ணு மாட்டல."

"மாட்டியிருந்தும் பொறி வந்திருக்கலாமே?"

"எப்படி வரும்? பட்டையில கிளிப் கவ்வுற இடம் வெறும் செம்பு. போய்ப் பாருங்க."

"தீக்கு அப்புறம் நீங்க பாத்தீங்களா?"

"அந்தக் கோலத்தைப் பாக்க மனசு வரல. சாவி என்கிட்ட ஒண்ணு, உதவியாளர்கிட்ட ஒண்ணு இருக்கு. நான் உள்ளயே போகல."

சக்கரம் போய்ப் பார்த்தார். சுவர், கூரை, அலமாரி எல்லாம் கரி. செம்புப் பட்டையும் கரிதான். கிளிப் கவ்விய இடத்தைச் சுற்றி மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் செம்பு மின்னியது. கிளிப்பின் வாயோ விரல் நுனி அளவு. அவர் மூன்று முறை வெளியே போய் மூன்று முறை திரும்பி வந்து அதையே முறைத்தார்.

மருத்துவமனையில் மாணவியின் இரண்டு கைகளிலும் கட்டு. தீப்பிடித்ததிலிருந்து ஆய்வக உதவியாளர்தான் பக்கத்திலேயே இருந்தார். அவர் நகக்கண்களில் செம்பு நிறம்.

"எல்லாக் கிளிப்பையும் மாட்டினேன் மேடம்," என்றாள் மாணவி. "ஸ்டோர் அண்ணன் ஒவ்வொண்ணா பாத்துட்டுத்தான் குழாயைத் திறந்தார். அப்படியும் நான்தானே அவரைக் கொன்னுட்டேன்?"

சக்கரம் உதவியாளரிடம் திரும்பினார். "நகத்துல என்னய்யா?"

"பெயிண்ட் மேடம். இன்ஸ்பெக்ஷன் குழு வருதுன்னு நேத்து ஸ்டோர் முழுக்க அடிச்சேன். அண்ணன் நேத்து லீவு."

"சுவத்துப் பட்டைக்கும் அடிச்சியா?"

"ஆமா. செம்பு கலர்லயே. புதுசு மாதிரி தெரியணும்னு துறைத் தலைவர் சார் பக்கத்துல நின்னு அடிக்கச் சொன்னார். காஞ்சதும் கிளிப்பைத் திரும்ப மாட்டிட்டேன்."

சக்கரம் படிக்கட்டில் இறங்கவில்லை, பறந்தார்.

"சார், ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைச்ச கதையாப் போச்சு," என்றார் துறைத் தலைவரிடம். "செம்பு மேல செம்பு கலர் பெயிண்ட். பாத்தா வித்தியாசம் தெரியாது, மின்சாரத்துக்குத் தெரியும். பெயிண்ட் மேல கவ்வுன கிளிப் வழியா அது தரைக்கு இறங்காது. ஸ்டோர்காரர் பாத்தும் ஏமாந்தது அதனாலதான்."

"இப்ப அங்கே பெயிண்டே இல்லையேம்மா?"

"இல்லதான். தீக்கு முன்னாடியே வெறும் செம்பா இருந்திருந்தா, கிளிப் மறைக்காத இடமெல்லாம் கரி புடிச்சிருக்கும். மின்னுது. அப்ப தீ அணைஞ்ச பிறகு யாரோ சுரண்டியிருக்காங்க. சாவி வச்சிருக்கிற ரெண்டு பேர்ல உதவியாளர் ஆஸ்பத்திரியை விட்டு நகரல. நேத்து பெயிண்ட் அடிக்கச் சொன்ன நீங்க, இன்னைக்கு உள்ளயே போகாம, அங்கே வெறும் செம்புதான்னு எப்படிச் சொன்னீங்க?"

"பாக்க நல்லா இருக்கட்டும்னுதான் அடிச்சோம். கெட்ட எண்ணம் இல்லம்மா."

"அடிச்சது மடத்தனம் சார். சுரண்டினது அந்தப் பொண்ணு தலையில பழியைக் கட்ட."

அவரைப் பாவம் என்று சொல்லச் சக்கரத்துக்கு மனம் வரவில்லை.

மாலையில் கைது நடந்தது, ஆனால் வேறு ஆள். மருத்துவமனையில் மாணவியிடம் சக்கரம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அண்ணிக்கு இதை நீங்களே சொல்றீங்களா மேடம்? நான் எந்த முகத்தோட போவேன்?"

"சொல்லிட்டேன். வெளியதான் நிக்கிறாங்க."

ஸ்டோர்காரரின் மனைவி உள்ளே வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"கடைசியா என்னம்மா சொன்னார்?"

"'நீ ஓடு, நான் மூடிட்டு வந்துடறேன்'னார், அண்ணி."